எந்தத் தந்தையைப் போன்றவர் கடவுள்?

கேள்வி: நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வளர்ந்தவள். மாலையில் என் தந்தை சாராயக்கடையிலிருந்து திரும்பும் நேரத்தில் அம்மாவும் நானும் பக்கத்து வீட்டில் ஒளிந்துகொள்வோம். இப்போது என் மகள் புதுநன்மைக்காக, அதாவது முதன்முறையாக நற்கருணை பெறுவதற்காக, மறைக்கல்வி வகுப்புக்குப் போகிறாள். ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் எனக்கே தொண்டை அடைத்துக்கொள்கிறது. வில்லியனூர் மாதா கோயிலில் மட்டும்தான் மனம்விட்டு அழ முடிகிறது. கடவுள் தந்தையைப் போன்றவர் என்றால், எந்தத் தந்தையைப் போன்றவர்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, இதை விசுவாசக் குறைவு என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். தந்தையன்பைக் காட்டிக் கடவுளை விளக்கும் மறையுரைகள் பெரும்பாலும் நல்ல தந்தையரிடம் வளர்ந்தவர்களை மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன. அடிக்குப் பயந்து வளர்ந்த பிள்ளையும் அதே கோயிலில்தான் முழந்தாளிட்டிருக்கிறது.

விவிலியம் அந்தப் பிள்ளையை மறக்கவில்லை. கி.மு. 587-இல் எருசலேம் வீழ்ந்தபின் பாபிலோனில் அகதிகளாக வாழ்ந்த மக்கள், ஆண்டவர் எங்களைக் கைவிட்டுவிட்டார் என்று புலம்பினார்கள். அதற்கு எசாயா நூலின் 49-ஆம் அதிகாரம் தரும் மறுமொழி, பால்குடிக்கும் மகவைத் தாய் மறப்பாளோ என்று தொடங்குகிறது. அங்கேயே முடிந்திருந்தால் அது உங்களுக்கு ஆறுதலாக இராது. ஆனால் அடுத்த வரியிலேயே, அவர்கள் மறந்தாலும் நான் உன்னை மறக்கமாட்டேன் என்கிறார் ஆண்டவர். மனிதர் அறிந்த அன்புகளில் ஆழமானதை எடுத்துக்காட்டிய கையோடு, அதுவும் தவறக்கூடியது என்று திருநூலே ஒப்புக்கொள்கிறது. என் தந்தையும் தாயும் என்னைக் கைவிட்டாலும் ஆண்டவர் என்னை ஏற்றுக்கொள்வார் என்று 27-ஆம் திருப்பாடல் சொல்வதும் இதையே.

ஆகவே, நம் வீட்டுத் தந்தையைப் பார்த்து, அவரைப் பெரிதாக்கி, அதைக் கடவுள் என்று எண்ணிக்கொள்ளும்படி நம்மை யாரும் கேட்கவில்லை. அளவுகோல் மேலே இருக்கிறது; எல்லாப் பெற்றோரும், நல்லவர்கள் உட்பட, அதனால் அளக்கப்படுகிறார்கள். அப்பம் கேட்கும் மகனுக்கு எவனாவது கல்லைக் கொடுப்பானா என்று கேட்ட இயேசு, தம் முன் அமர்ந்திருந்த பெற்றோரைத் தீயவர்கள் என்று சொல்லிவிட்டே, அவர்களைவிட விண்ணகத் தந்தை எவ்வளவோ மிகுதியாக நன்மை செய்வார் என்றார். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 239-ஆம் பத்தியில், மனிதப் பெற்றோர் தவறக்கூடியவர்கள், தந்தைமை தாய்மை ஆகியவற்றின் முகத்தையே அவர்கள் சிதைத்துவிடக்கூடும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. உங்கள் தந்தை உங்களுக்குக் காட்டியது அப்படிச் சிதைந்த முகம். அதற்குக் கடவுளின் சாயலைப் பூச வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

வில்லியனூரில் அழ முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தயங்காமல் போய் அழுங்கள். அன்னை மரியா கடவுள் அல்லர். ஆனால் அவர் முன்னிலையில் நீங்கள் உணரும் கனிவு கடவுளிடமிருந்தே வருகிறது. தாய் தேற்றுவதுபோல் உங்களைத் தேற்றுவேன் என்று எசாயாவின் 66-ஆம் அதிகாரத்தில் பேசுபவர் ஆண்டவரேதான். திருத்தந்தை முதலாம் யோவான் பவுல், 1978 செப்டம்பரில், கடவுள் நமக்குத் தந்தை, அதைவிட மேலாகத் தாய் என்றார். நம் மண்ணுக்கும் இது அந்நியமான எண்ணம் அன்று. பக்கத்துக் கடலூரில், திருப்பாதிரிப்புலியூர்ப் பதிகத்தில் அப்பர் தம் இறைவனை ஈன்றாளாகவும் எந்தையாகவும் பாடியிருக்கிறார். அவருடைய நெறி வேறு, ஆயினும் அந்த ஏக்கத்தை நாம் அறிவோம்.

இனி, எந்தத் தந்தை என்ற உங்கள் கேள்வி. விவிலியத்தில் ஓசேயா நூலின் 11-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். குழந்தைக்கு நடை பழக்கி, கையில் ஏந்தி, குனிந்து உணவூட்டியவராக அங்கே கடவுள் பேசுகிறார். பிள்ளை விலகிப் போனதும் அவருக்குச் சினம் எழுகிறது. ஆனாலும் உன்னை எப்படிக் கைவிடுவேன் என்று தமக்குள்ளேயே கலங்கி, அந்தச் சினத்தைச் செயல்படுத்த மறுக்கிறார். நான் மனிதன் அல்ல, இறைவன் என்பதே அதற்கு அவர் சொல்லும் காரணம். சினம் கொண்ட மனிதனின் கை பிள்ளைமீது எப்படி இறங்கும் என்பதை அறிந்தவர் நீங்கள். அந்த இடத்தில்தான் இவர் மனிதத் தந்தையரிலிருந்து வேறுபடுகிறார் என்பதை நல்ல வீட்டில் வளர்ந்த பலரைவிட நீங்களே கூர்மையாக உணர்வீர்கள் என்று நம்புகிறேன்.

மகளுக்கு, செபத்தை மனப்பாடம் செய்ய வைக்கும் முன், லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் வரும் தந்தையின் கதையைச் சொல்லுங்கள். வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவரும் இளைய மகனைத் தொலைவிலேயே கண்டு ஓடிவருபவர் அவர். கோபித்துக்கொண்டு வெளியே நின்ற மூத்தவனிடமும் தாமே எழுந்து போகிறார். தாத்தாவைப் பற்றி அவள் கேட்டால், அவள் வயதுக்குத் தாங்கும் அளவு உண்மையைச் சொல்லலாம். செபத்தின் முதல் வரியை அவளே சொல்லட்டும். இரண்டாம் வரியிலிருந்து நீங்கள் சேர்ந்துகொண்டால் போதும்.