கர்ணன் விட்ட அம்பும் சித்தப்பாவின் அழுகையும்

கேள்வி: சோகக் கதையைப் பார்த்து அழுதால் மனம் லேசாகிறதே, கதார்சிஸ் என்பது இதுதானா? துன்பியல் நாயகன் என்று யாரைச் சொல்கிறார்கள்?

அஞ்சல் வழியில் எம்.ஏ. படித்தபோது இதற்கு நானும் இரண்டு மதிப்பெண் விடை எழுதியிருக்கிறேன். ‘கதார்சிஸ் என்பது உணர்ச்சி வடிகால், இரக்கமும் அச்சமும் வெளியேறி மனம் தூய்மை அடைகிறது.’ கைடில் இருந்ததை அப்படியே எழுதினேன், மதிப்பெண்ணும் வந்தது. அதன் அர்த்தம் ஓரளவு பிடிபட்டது எங்கள் நைனா, அதாவது அப்பா, செத்துப் பதினாறாம் நாள் ராத்திரிதான்.

எங்கள் ஊர் நகரி பக்கம். ஆந்திராதான், ஆனால் தெருவில் பாதிப் பேச்சு தமிழ், பாதி தெலுங்கு. வீட்டுக்கு வீடு பவர்லூம். எங்கள் பக்கம் காரியத்தன்று ராத்திரி, கையில் காசு இருந்தால் கர்ண மோட்சம் கூத்து விடுவார்கள். செத்தவருக்கும் கர்ணனைப் போல நல்ல கதி கிடைக்கட்டும் என்றுதான். காஞ்சிபுரம் பக்கத்து ஜமா (கூத்துக் குழு) ஒன்றுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவந்தோம்.

நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. தறிக்கொட்டகையைப் பிரித்துச் சுவர் எழுப்பியபோது ஒன்றரை அடி யார் பக்கம் வரவேண்டும் என்று தகராறு. காரியத்துக்குச் சித்தப்பா வந்தார். வராவிட்டால் ஊர் பேசும். முறைக்கு வேட்டி துண்டு வைத்துவிட்டு, கூத்து நடக்கும் இடத்தில் கடைசியாக, தெரு விளக்கு வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணிக்கு மேல் தொடங்கியது. திரைக்குப் பின்னால் கர்ணன் நின்று பாட, முகவீணை என்கிற ஊதுகுழல் கூடவே வந்தது. அவன் மனைவி பொன்னுருவி அவன் பிறப்பைச் சொல்லி ஏசுகிற கட்டத்தில் பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நடுவில் புகுந்து கரண்ட் கட்டைப் பற்றியும் கூலி பாக்கியைப் பற்றியும் ஏதோ சொல்ல, பதினாறு நாளில் முதல் தடவையாக அம்மா சிரித்தாள். (அதற்கு அத்தைகள் முகம் சுளித்தது தனிக் கதை.) அப்புறம் போர். நாகாஸ்திரம். குறியை மாற்றி வை என்கிறான் தேரோட்டும் சல்லியன். வைத்த குறியை மாற்றமாட்டேன் என்கிறான் கர்ணன். கிருஷ்ணன் தேரை அழுத்த, அம்பு அர்ஜுனன் மணிமுடியைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறது. குந்திக்குக் கொடுத்த வாக்கினால் இரண்டாம் தடவை அதை விடவும் முடியாது.

இந்த அம்பைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

துன்பியல் நாயகன் எப்படி இருக்க வேண்டும் என்று பழைய கிரேக்கத் தத்துவவாதி அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ என்ற தன் நூலின் 13ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். உத்தமனாக இருக்கக் கூடாது. உத்தமன் அழிந்தால் நமக்குக் கோபம்தான் வரும். அயோக்கியனாகவும் இருக்கக் கூடாது. அவன் அழிந்தால் ‘நல்லா வேணும்’ என்போம். இரண்டுக்கும் நடுவில், பேரும் புகழுமாக இருந்தவன், கெட்ட குணத்தால் இல்லாமல் ஒரு ‘ஹமார்டியா’வால் விழ வேண்டும். இதைக் கைடுகள் ‘குணக்குறை’ என்று எழுதிவைத்திருக்கின்றன. அதனால்தான் மாணவர்கள் எல்லாரும் நாயகனிடம் ஒரு கெட்ட குணத்தைத் தேடுகிறார்கள்: கர்ணனுக்கு நன்றிக்கடன், கிரேக்க நாடகத்து ஈடிபஸுக்குக் கோபம் என்று. எனக்கு இது பிடிக்கவில்லை. அந்தக் கிரேக்கச் சொல்லின் வேர், எறிந்த ஈட்டி குறி தவறுவதைச் சொல்லும் வினை. கிரேக்கக் காவியக் கவி ஹோமரிலேயே அப்படித்தான் வருகிறது. கர்ணனின் அம்புக்கு நடந்ததும் அதுதான்.

தமிழில் இதற்கு ஒரு சொல் அச்சாக இருக்கிறது: பிழைத்தல். குறள் 772இல் ‘யானை பிழைத்தவேல்’ என்றால் யானைமேல் படாமல் தவறிய வேல். குற்றம் செய்வதும் பிழைத்தல்தான். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் சொல்வது என்ன? ‘மன்பதை காக்கும் தென்புலங் காவல் என்முதற் பிழைத்தது கெடுகவென் ஆயுள்.’ உண்மை தெரிவது, நிலை தலைகீழாவது, உயிர் போவது, மூன்றும் ஒரே மூச்சில் நடக்கிறது. கோவலனைவிடப் பாண்டியனைத்தான் துன்பியல் நாயகன் என்று நான் சொல்வேன். சண்டை போட விரும்புகிறவர்கள் வரலாம்.

சரி, கூத்துக்கு வருவோம். கர்ணன் விழுந்துவிட்டான். கிழப் பிராமணனாக வந்த கிருஷ்ணனுக்குச் செய்த புண்ணியத்தை எல்லாம் தாரை வார்த்தாயிற்று. அதுவரைக்கும் கூட்டத்தில் ஆங்காங்கே மூக்கை உறிஞ்சும் சத்தம், அவ்வளவுதான். குந்தி ஓடிவந்து அவனை மடியில் போட்டுக்கொண்டு ‘மகனே’ என்று கதறுகிறாள். அர்ஜுனன் வேஷக்காரர் நாற்பது வயசுக்காரர், தொப்பை வேறு. எதிரியை ஏன் மடியில் போட்டிருக்கிறாய் என்று அதட்டுகிறார். ‘அவன் உன் அண்ணன்டா’ என்கிறாள் குந்தி. அவர் வில்லைக் கீழே வைத்துவிட்டு, பாட்டே இல்லாமல் ‘அண்ணனா?’ என்று கேட்டார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாடு கத்துகிற மாதிரி. திரும்பிப் பார்த்தால் சித்தப்பா. யார் பிடித்தும் நிற்கவில்லை. கால் மணி நேரம் இருக்கும். மிருதங்கக்காரர் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஒருவரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. காரியக் கூத்தில் அவர்கள் இதைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும்.

கவிதையியலின் அடுத்த அதிகாரத்தில் ஒரு வரி உண்டு. எதிரியை எதிரி கொன்றால் அந்த வலிக்கு அப்பால் இரக்கம் எதுவும் எழாது. அண்ணன் தம்பி, தகப்பன் மகன், தாய் மகன் என்று உறவுக்குள் நடந்தால்தான் எழும் என்கிறார். தகுதிக்கு மீறித் துன்பப்படுகிறவனிடம் இரக்கம், நம்மைப் போன்றவனுக்கு அது நடக்கும்போது அச்சம். சித்தப்பாவுக்கு இரண்டும் ஒரே சொல்லில் போய் இறங்கிவிட்டது.

கதார்சிஸ் என்ன என்று அரிஸ்டாட்டிலே விளக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. துன்பியலை வரையறுக்கும் இடத்தில் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ‘அரசியல்’ நூலின் 8ஆம் புத்தகத்தில், இதைக் கவிதை பற்றிய நூலில் தெளிவாகச் சொல்கிறேன் என்கிறார். நம் கைக்கு வந்த கவிதையியலில் அந்த விளக்கம் இல்லை. அதனால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். 1857இல் யாக்கோப் பெர்னாய்ஸ் என்ற ஜெர்மானியர் இது வைத்தியச் சொல் என்றார். பாட்டி விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதி போகவைப்பாளே, அந்த மாதிரி. அரிஸ்டாட்டிலின் அப்பாவும் வைத்தியர்தான். இன்னொரு கட்சி, சடங்கில் தீட்டுக் கழிப்பது என்கிறது. மூன்றாவது கட்சி, கலங்கிய தண்ணீர் தெளிகிற மாதிரி ஒன்று விளங்குவது என்கிறது.

எனக்கு எது பிடிக்கும் என்றால், அந்த 8ஆம் புத்தகத்திலேயே அவர் சொல்கிற ஓர் உதாரணம். ஆவேசம் வந்தவர்கள் ஆவேசத்தைக் கிளப்பும் பாட்டையே கேட்டு, மருந்து சாப்பிட்டவர்கள் போல அடங்குகிறார்கள் என்கிறார். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சாமி வந்தவளைச் சும்மா உட்காரவைத்தால் சாமி மலையேறாது. பம்பை அடிக்க வேண்டும், ஆட வேண்டும், அப்புறம்தான் இறங்கும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு: அழுதால் லேசாவது மட்டும் கதார்சிஸ் ஆகாது. சீரியல் பார்த்தும் அழலாம், வெங்காயம் அரிந்தும் அழலாம். சித்தப்பா எங்கள் நைனாவுக்காக அழ வேண்டிய அழுகை ஒன்பது வருஷமாக, பிறகு பதினாறு நாளாக உள்ளேயே கிடந்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்று அதை அழ அவரால் முடியவில்லை. கர்ணனுக்காக என்றால் முடிந்தது. கதையில் வருகிறவன் வேறு ஆள் என்பதால்தான் அந்த வழி திறந்தது என்று நினைக்கிறேன்.

அவர் அதனால் திருந்தினாரா என்று கேட்பீர்கள். நாடகம் அழுகையைத் தீனி போட்டு வளர்க்கிறது என்று கவிஞர்களை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொன்ன அரிஸ்டாட்டிலின் ஆசிரியர் பிளேட்டோவும் கேட்பார். விடிந்ததும் சித்தப்பா எழுந்து முகம் கழுவிக்கொண்டார். கூத்துக்காரர்களுக்கு டீ சொல்லியாயிற்றா என்று என்னிடம் கேட்டார். ஒன்பது வருஷத்தில் எங்கள் வீட்டாரோடு அவர் பேசிய முதல் பேச்சு. அதற்கடுத்த மழையில் அந்தச் சுவரின் பூச்சு இரண்டு பக்கமும் உதிர்ந்தது. அவர் தன் பக்கத்தை மட்டும் பூசிக்கொண்டார்.