பார்க்கின்சன் நோய் உள்ள அப்பாவைக் கடைவீதிக்குத் தனியாக நடக்க விடலாமா?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அப்பா, சாலையைக் கடக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அது பிடிவாதம் இல்லை. நடையைத் தானாக ஓட்டும் மூளைப் பகுதிக்கு டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் குறைவதால் கால் தரையில் ஒட்டினாற்போல் உறைந்துவிடும். குறுகலான இடம், திரும்பும் இடம், அவசரம் மூன்றும் அதைக் கிளப்பிவிடும். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஹாரன் அடித்தால் கேட்கவே வேண்டாம்!

அப்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நிற்கட்டும். உடம்பை இடமும் வலமும் மெல்ல ஆட்டி, "ஒன்று, இரண்டு" என்று எண்ணி, தரையில் ஒரு கோட்டைத் தாண்டுவதுபோல் காலைத் தூக்கச் சொல்லுங்கள். வேடிக்கையாகத் தெரியும், ஆனால் பலருக்கு வேலை செய்கிறது.

டோபமின் குறைவை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும் நேரத்தில்தான் கிளம்ப வேண்டும். அது தேய்ந்துவரும் நேரத்தில் வேண்டாம். நடக்கும்போது கைப்பேசிப் பேச்சு கூடாது. பையைத் தோளில் மாட்டட்டும். நடைபாதை இல்லாத தோட்டச் சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பது நல்லது.

நடப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அடிக்கடி உறைந்தால் துணையோடு போகட்டும். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடமும் கேளுங்கள்.