தொழில்முனைவோர் விருதுக்கு விண்ணப்பிக்கலாமா?

காரைக்குடியில் பலகாரக் கம்பெனி நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தொழில்முனைவோர் விருதுகளால் பயன் உண்டா? நல்ல முதலாளி யார் என்பதை அவை சரியாகக் கண்டுபிடிக்கின்றனவா?"

அம்பத்தூரில் ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலை தொடங்கி நடத்தி, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, இப்போது காரைக்குடிப் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். விருது வாங்கியதும் உண்டு, நடுவராக உட்கார்ந்ததும் உண்டு. பயன் உண்டு என்பேன். கண்டுபிடிக்கின்றனவா என்றால், பெரும்பாலும் இல்லை.

"நீங்கள் செலக்ட் ஆகிவிட்டீர்கள், பதிவுக் கட்டணமும் ஜிஎஸ்டியும் கட்டினால் போதும்" என்று போன் வந்தால் அது விருது இல்லை, விளம்பரச் செலவு. அதைக் கழித்துவிடுவோம்.

ஒழுங்காக நடக்கும் விருதுகளும் இருக்கின்றன. எர்ன்ஸ்ட் அண்ட் யங் என்ற தணிக்கை நிறுவனத்தின் விருது 1986-ல் அமெரிக்காவில் தொடங்கி 1999-ல் இந்தியாவுக்கு வந்தது. அதன் உலக அளவிலான பரிசை 2003-ல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தியும் 2014-ல் கோட்டக் வங்கியின் உதய் கோட்டக்கும் 2020-ல் பயோகான் கிரண் மஜும்தார் ஷாவும் வாங்கினார்கள். யாரும் குறை சொல்ல முடியாத பெயர்கள். ஆனால் நாங்கள் நடுவர்களாக உட்கார்ந்தபோது மேஜையில் இருந்தது கடைசிச் சில வருட பேலன்ஸ் ஷீட்டும் வளர்ச்சி விகிதமும்தான். சிக்கலே அங்கேதான்.

எங்கள் ஐயா (தாத்தா) பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைத் தொழில் செய்ய, போனவர். அந்தக் காலத்தில் கடையை நடத்தும் மேலாளுக்குப் பொதுவாக மூன்று வருடக் கணக்கு. அது முடிந்தால் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வர வேண்டும். இவர் கொடுத்த கடனை வசூலிப்பது புதியவர் பாடு. அதனால் ஒருவருடைய சாமர்த்தியம் அவர் இருக்கும்போது தெரியாது. ஐந்தொகையில், அதாவது பேலன்ஸ் ஷீட்டில், லாபம் காட்டுவது பெரிய விஷயமில்லை, எழுதியிருக்கும் தொகை வந்து சேருகிறதா என்பதுதான் விஷயம்.

வளர்ச்சியை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் பர்மாவே சாட்சி. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938-க்குள் அது சுமார் 25 சதவீதம். எட்டே வருடத்தில் நான்கு மடங்கு! இன்றைய நடுவர் குழுவாக இருந்தால் மேடைக்குக் கூப்பிட்டிருக்கும். உண்மையில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், வேறு வழியின்றி வந்து சேர்ந்த நிலம் அது. வட்டிக்கடைக்காரருக்குத் தேவை ரொக்கம், வயல் இல்லை. அப்புறம் 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அரசு நிலத்தைத் தேசியமயமாக்கியது. மிச்சத்தைச் செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகளிடம்தான் கேட்க வேண்டும்.

என்னைக் கேட்டால், நிறுவனர் விலகி ஐந்து வருடம் கழித்துத்தான் இந்த விருதைக் கொடுக்க வேண்டும். யார் கேட்கப் போகிறார்கள்!

வாங்கியதில் நான் மதிப்பது வாடிக்கையாளர் கம்பெனிகள் கொடுத்த சப்ளையர் விருதுகளை. பத்து லட்சம் உதிரிபாகத்தில் எத்தனை திரும்பி வந்தது, லாரி சொன்ன தேதிக்குப் போனதா என்று எண்ணிக் கொடுப்பது அது. அதில் என் பேச்சுத் திறமைக்கு வேலையே இல்லை. ஷாப் ஃப்ளோரில் நின்றவர்களுக்கும் அது தங்களுடையது என்று தெரியும்.

சரி, தம்பிக்கு வருகிறேன். கட்டணம் கேட்கவில்லை, நடுவர்கள் யார் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள் என்றால் தாராளமாக விண்ணப்பியுங்கள். வங்கியிலும் பெரிய கடைகளிலும் பேசும்போது கொஞ்சம் உதவும். ஆனால் படிவத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம். உங்கள் அடுத்தாளிடம், அதாவது உங்களுக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவரிடம், கொடுங்கள். எந்தெந்த இடத்தில் உங்களுக்குப் போன் செய்கிறார் என்று குறித்து வைத்துக்கொண்டு, அந்த வேலைகளையெல்லாம் முதலில் அவருக்குக் கற்றுக்கொடுங்கள். தீபாவளி ஆர்டர் முடிந்த பிறகு செய்தால் போதும்.