சில்ஹெட்டி என்பது வங்காள மொழியின் வட்டார வழக்கா, தனி மொழியா?

வங்கதேசத்தின் வடகிழக்கில் உள்ள சில்ஹெட்டிலும் அதை ஒட்டிய அசாம் பகுதியிலும் பேசப்படுவது சில்ஹெட்டி. காதால் கேட்டதை வைத்துச் சொன்னால் தனி மொழிதான். ஆனால் அசாமின் சில்சாருக்குப் போய் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

வேலை நிமித்தம் சில காலம் அங்கே குடியிருந்தேன். ஏற்கெனவே தெரிந்திருந்த கொல்கத்தா வங்காளி பாதிதான் செல்லுபடியானது. வீட்டுக்கார மாஷிமா (வங்காளத்தில் பெரியம்மா, சித்தி முறை) என்னிடம் புத்தக வங்காளியில் நிதானமாகப் பேசுவார். மருமகள் பக்கம் திரும்பிவிட்டால் போச்சு, ஒன்றும் பிடிபடாது. வெற்றிலை 'பான்' அல்ல, 'ஃபான்'. கருவாடு 'ஷுட்கி' அல்ல, 'ஹுட்கி'. 'என்ன' என்பதற்கு 'கி' இல்லை, 'கிதா'. 'நல்லது' எனப் பொருள்படும் 'பாலோ'வில் வரும் அழுத்தமான 'ப' மெலிந்துபோய், அதற்கு ஈடாகக் குரல் மேலே ஏறுகிறது. மொழியியலாளர்கள் இதைத் தொனி என்கிறார்கள். பொது வங்காளியில் இது கிடையாது.

"நீங்கள் பேசுவது தனி மொழியாமே, மாஷிமா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "அப்படியென்றால் ஸ்டேஷனில் அந்தப் பதினோரு பேர் எதற்குச் செத்தார்கள்?" என்றார்.

இந்தியாவா பாகிஸ்தானா என்று நடந்த 1947 வாக்கெடுப்பில் சில்ஹெட் கிழக்குப் பாகிஸ்தானோடு (இன்றைய வங்கதேசம்) போனது. கரீம்கஞ்ச் பகுதி மட்டும் இந்தியாவில் தங்கியது. அகதிகளாக வந்த பலர் சில்சார் இருக்கும் பராக் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். 1960இல் அசாமிய மொழியை மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கிச் சட்டம் வந்தது. அதை எதிர்த்து 1961 மே 19 அன்று சில்சார் ரயில் நிலையத்தில் மறியல் செய்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. மாஷிமா சொன்ன அந்தப் பதினோரு பேர் இறந்தது அதில்தான். அவர்களில் மெட்ரிக் பரீட்சை எழுதி முடித்திருந்த 16 வயது கமலா பட்டாசார்யாவும் ஒருவர். வீட்டில் பேசியது சில்ஹெட்டி, உயிரைக் கொடுத்தது வங்காளிக்கு. அதற்குப் பிறகுதான் அங்கே வங்காளிக்கு ஆட்சிமொழி இடம் கிடைத்தது.

லண்டனில் கதை வேறு. பிரிட்டனில் வாழும் வங்கதேசத்தவரில் பெரும்பாலோர் சில்ஹெட்காரர்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு டாக்கா வங்காளியே அந்நியம். அதனால் தனி மொழி என்ற குரல் அங்கே பலமாகக் கேட்கிறது. அவர்கள் கையில் நல்ல சான்றும் இருக்கிறது: சில்ஹெட்டி நாகரி என்ற சொந்த எழுத்து. முன்பு முஸ்லிம்கள் அதில்தான் புதி எனும் செய்யுள் கதைகளை எழுதினார்கள், அச்சிட்டும் விற்றார்கள். 2005இல் அது யூனிகோடிலும் ஏறிவிட்டது.

என் கட்சி என்னவென்றால், பேசுகிறவர் என்ன பெயர் சொல்கிறாரோ அதுதான். அப்புறம், கற்றுக்கொள்ளத்தான் கேட்கிறீர்கள் என்றால் பொது வங்காளியை முதலில் பிடியுங்கள். புத்தகம் அதற்குத்தான் தாராளமாகக் கிடைக்கும். சில்ஹெட்டிக்கு ஆள்தான் வேண்டும்.