களிமண் வளவில் மணல் கலந்தால் வீட்டுத்தோட்டம் சரிவருமா?

மாரியில் சேறு, கோடையில் வெடிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், ஒரு லோட் மணல் பறிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பறிக்க வேண்டாம். களியின் குணம் மாற மண்ணில் பாதியாவது மணலாக இருக்க வேண்டும். 10 அடிக்கு 3 அடிப் பாத்தி ஒன்றுக்கு, முக்கால் அடி ஆழத்துக்கே 11 கன அடிக்கு மேல் போகும். குறைவாகப் போட்டால் களி மணலைப் பிடித்து இறுகி, மண் முன்னையைவிடக் கெட்டியாகும். கடற்கரை மணலென்றால் உப்பும் கூடவே வரும்.

களிக்கு மருந்து மக்கிய எருதான். அதே பாத்திக்கு 10 லீற்றர் வாளியால் 14 வாளி மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு, 7 வாளி உமிக்கரி. பரப்பினால் 3 அங்குலம் வரும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து ஆலைகளில் கேட்டால் உமி கிடைக்கும், கரித்துப் போடுங்கள். பச்சை உமியை மண்ணுக்குள் கிண்டினால் அது மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும்.

கொத்தும் நேரத்தில்தான் பலரும் கெடுக்கிறார்கள். முதல் மழை விழுந்து மண் ஈரமாகி, சற்று உலரும்போது கொத்துங்கள். ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். பென்சில் தடிப்பில் உடையாமல் திரி வந்தால் ஈரம் அதிகம், பொறுங்கள். கார்த்திகைச் சேற்றில் மண்வெட்டி போட்டால் தையில் செங்கல்தான்.

எருவை மேல் அரையடி மண்ணோடு கலந்து, பாத்தியை ஓரடி உயர்த்தி, சுற்றிவரத் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டுங்கள். அகலம் மூன்றடிதான், இரு பக்கமும் நின்று கை எட்டவேண்டும். பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. மழை ஓய்ந்ததும் ஈரம் காயுமுன் வைக்கோல் அல்லது வேலியில் நிற்கும் கிளிசரியா மரத்து இலையால் 3 அங்குலம் மூடுங்கள், தண்டை மட்டும் விட்டு. எரு கரைந்து மண் தாழும், அடுத்த மாரிக்கு முன் 2 அங்குலம் திரும்பப் போடுங்கள்.

களியைத் திருத்தச் சிலர் போடும் ஜிப்சம் (கல்சியம் உள்ள வெள்ளைத் தூள்) எல்லாக் களிக்கும் உதவாது. காய்ந்த மண்கட்டி ஒன்றை மழைத்தண்ணீரில் போட்டு ஆட்டாமல் ஒரு நாள் விடுங்கள். (உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், உப்பு களியைக் கலங்கவிடாது.) கட்டி உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் எரு போதும். பால்போலக் கலங்கினால் சோடியம் ஏறிய மண், பாத்திக்கு 2 கிலோ ஜிப்சம் தூவி மாரி மழையில் கழுவுப்படவிடுங்கள். அப்படிப்பட்ட வளவில் கோடையில் உவர்த்தண்ணீர் இறைத்தால், போட்ட ஜிப்சம் வீண்.