வாசகர் கேள்வி: ஐந்து நிமிட அறுவை சிகிச்சை

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பில் உயிரியல் பிரிவில் படிக்கிறாள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த அவளுடைய மாமா, தாம் முன்பு வைத்திருந்த நின்டெண்டோ டிஎஸ் என்ற இரண்டு திரை கொண்ட கையடக்க விளையாட்டுக் கருவியையும் ‘ட்ராமா சென்டர்: அண்டர் தி நைஃப்’ என்ற விளையாட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். தினமும் ஒரு மணி நேரம் அதில் யாருக்காவது அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கிறாள். கேட்டால், “டாக்டராவதற்கு இப்போதே பயிற்சி எடுக்கிறேன் அம்மா” என்கிறாள். இதை நம்புவதா, கருவியை வாங்கிப் பூட்டி வைப்பதா?
– ஒரு தாய்

பதில்: பூட்டி வைக்க வேண்டாம் அம்மா. ஆனால் பயிற்சி என்று அவள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். நான் பொது அறுவை மருத்துவன். அந்த விளையாட்டைக் கடைசிவரை ஆடி முடித்தவனும்கூட. ஆகவே இரண்டையும் அறிந்து சொல்கிறேன்.

ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட விளையாட்டு அது. டிஎஸ் கருவியின் கீழ்த்திரை தொடுதிரை என்பதுதான் அந்த விளையாட்டுக்கே உயிர். ஸ்டைலஸ் என்னும் சிறு பேனா சில நேரம் கத்தியாகிறது, சில நேரம் இடுக்கியாகவோ தையல் ஊசியாகவோ மாறுகிறது. ஒரு கட்டியை அகற்றும் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அல்ட்ராசவுண்டால் உறுப்புக்குள் கட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்; அந்த இடத்தைக் கத்தியால் கீறித் திறந்து, கட்டிக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி, ஓரத்தைச் சுற்றி அறுத்து, இடுக்கியால் தூக்கித் தட்டில் வைத்து, வெறுமையான இடத்தில் செயற்கைச் சவ்வைப் பொருத்தி, அதன்மேல் மருந்துக் களிம்பைத் தடவ வேண்டும். இவற்றில் ஒரு படியை விட்டாலும் அடுத்த படி நடக்காது. நோயாளியின் உயிர்நிலையைக் காட்டும் எண் குறைந்துகொண்டே வரும். பூச்சியத்தைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. பெரும்பாலான சிகிச்சைகளுக்கு ஐந்து நிமிடம்தான் தருகிறார்கள்.

இதில் உண்மைக்கு மிக அருகில் இருப்பது அந்த வரிசைதான். கையில் இருக்கும் கருவியை வைத்துக்கொண்டு அடுத்த கருவியை நினைக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் நீண்ட காலம் கழித்தே வரும். உங்கள் மகள் அதை விளையாட்டாகவே பழகுகிறாள் என்றால் எனக்கு மகிழ்ச்சியே. உண்மைக்கு மிகத் தொலைவில் இருப்பவையும் உண்டு. அந்தப் பச்சைக் களிம்பு சிறு காயங்களைத் தடவியதும் மறையச் செய்கிறது. அப்படி ஒரு மருந்து எங்களிடம் இல்லை. தையல் என்பது காயத்தின் குறுக்கே வளைந்து வளைந்து கோடு இழுப்பதோடு முடிந்துவிடுகிறது. நான் பயிற்சி மருத்துவனாக இருந்தபோது, விடுதி அறை நாற்காலியின் கைப்பிடியில் நூலைச் சுற்றி ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்டுப் போட்டுப் பழகினேன். முடிச்சு இறுகுவதை விரல் நுனி உணர வேண்டும், அதிகம் இறுகினால் திசு வெட்டுப்படும், தளர்ந்தால் காயம் பிரியும். திரையில் அந்த இறுக்கம் இல்லை. மயக்க மருத்துவருக்கும் அங்கே வேலையில்லை. உடலை மூடுவதற்கு முன் பஞ்சுத் துணிகளையும் ஊசிகளையும் செவிலியர் எண்ணிச் சரிபார்க்கும் அந்த நிமிடமும் இல்லை. அந்த எண்ணிக்கை சரியாகும் வரை நாங்கள் தைக்க மாட்டோம். விளையாட்டில் அதைச் சேர்த்திருக்கலாம் என்று நான் மெய்யாகவே ஏங்கியதுண்டு.

வீடியோ விளையாட்டு ஆடுகிற அறுவை மருத்துவர்கள் திறமையாகச் செயல்படுகிறார்கள் என்ற செய்தியை உங்கள் மகள் எங்காவது படித்திருக்கலாம். அந்தச் செய்தியின் மூலம் 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு. 33 மருத்துவர்களைச் சோதித்ததில், முன்பு வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் விளையாடியவர்கள் லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியே கேமரா விட்டுத் திரையைப் பார்த்துச் செய்யும் அறுவை, அதற்கான பயிற்சியில் 37 விழுக்காடு குறைவாகத் தவறு செய்தார்கள், 27 விழுக்காடு வேகமாக முடித்தார்கள். விளையாட்டுதான் அவர்களைத் திறமையாக்கியதா, இயல்பிலேயே கைத்திறன் உள்ளவர்கள் விளையாட்டை நாடினார்களா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லேப்ராஸ்கோப்பியில் கண் திரையில் இருக்கும், கை வேறிடத்தில் இருக்கும்; வயிற்றுச் சுவரின் சிறு துளையே ஊன்றுபுள்ளி ஆவதால், கையை இடப்பக்கம் நகர்த்தினால் கருவியின் முனை வலப்பக்கம் போகும். டிஎஸ் கருவியிலோ கண் பார்க்கும் இடத்தையே பேனா தொடுகிறது. ஆகவே அந்த ஆய்வின் முடிவை இந்த விளையாட்டுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

விளையாட்டின் கதையில் மரணமும், நோயைப் பரப்பும் மருத்துவப் பயங்கரவாதமும் வருகின்றன. பதினாறு வயதுப் பெண் அவற்றைத் தாங்குவாள். ஒருநாள் அவள் அருகில் உட்கார்ந்து, ஆட்டத்தின் நடுவே எதற்காக இப்போது அந்த அறுவைக் கருவியை எடுத்தாய் என்று கேட்டுப் பாருங்கள். காரணம் சொல்லத் தெரிகிறதா என்பதைக் கவனியுங்கள்; அவள் எவ்வளவு கற்றிருக்கிறாள் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

கேள்வி: நானும் அதே விளையாட்டைத்தான் ஆடுகிறேன். கிரியாக்கி என்ற ஒட்டுண்ணி வரும் கட்டத்தில் திரும்பத் திரும்பத் தோற்கிறேன். என் கை மெதுவா, கருவி பழுதா?
– செவிலியர் கல்லூரி மாணவி

பதில்: இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன், நீங்கள் செய்யும் வரிசையில்தான் கோளாறு இருக்க வேண்டும். கதையில் வரும் கற்பனை ஒட்டுண்ணிகளுக்குக் கிரேக்க மொழியின் கிழமைப் பெயர்களை வைத்திருக்கிறார்கள். கிரியாக்கி என்றால் ஞாயிறு. அது உறுப்புக்குள் ஒளிந்தபடி உள்ளிருந்து கீறிக்கொண்டே இருக்கும். தோற்பவர்களில் பலர் வெட்டுக்களைத் தைப்பதிலேயே முழு நேரத்தையும் செலவிட்டு விடுகிறார்கள். பெரிய வெட்டுக்களை மட்டும் உடனே தைத்துவிட்டு அல்ட்ராசவுண்டை எடுங்கள். நிழல் தெரிந்த இடத்தைக் கத்தியால் கீறுங்கள். அது மேலே வந்ததும் லேசரால் சுடுங்கள். உயிர்நிலை எண் பாதிக்குக் கீழே இறங்கினால், எதைச் செய்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டுப் பச்சை மருந்தை ஊசியில் ஏற்றிச் செலுத்துங்கள். இரத்தம் கொட்டும்போது கட்டியைத் தேடாதே, முதலில் இரத்தத்தை நிறுத்து என்று எங்கள் பேராசிரியர்கள் சொல்லித் தந்ததும் இதுவேதான்.

ஐந்து முனை நட்சத்திரம் வரைந்தால் காலம் மெதுவாகும் வசதி ஒரு சிகிச்சைக்கு ஒரு முறைதான் கிடைக்கும். பதற்றம் வந்தவுடன் அதைச் செலவழித்து விடாதீர்கள். பல கிரியாக்கிகள் சேர்ந்து வரும் கடைசிக் கட்டத்துக்கு வைத்திருங்கள். நட்சத்திரம் கோணலாகப் போனால் கருவி ஏற்காது. காகிதத்தில் பேனாவை எடுக்காமல் நூறு முறை வரைந்து பழகினால் கைக்கு வந்துவிடும்.

கேள்வி: இன்றைக்கு இதை வாங்கி விளையாட முடியுமா?
– ஒரு வாசகர்

பதில்: பழைய பொருள் விற்பவர்களிடம் தேட வேண்டியிருக்கும். இந்த விளையாட்டு அடங்கிய அட்டை எந்த நாட்டில் விற்கப்பட்டதாக இருந்தாலும் எல்லா டிஎஸ் கருவிகளிலும் ஓடும்; பின்னால் வந்த 3டிஎஸ் கருவியிலும் ஓடும். கருவியை வாங்கும் முன் கீழ்த்திரையின் நான்கு மூலைகளையும் நடுப்பகுதியையும் ஸ்டைலஸால் தொட்டுப் பாருங்கள். அழுத்தத்தை உணரும் வகைத் திரை என்பதால், நாட்பட்டுத் தேய்ந்திருந்தால் தொட்ட இடம் ஓரிடமும் பதிவாகும் இடம் வேறிடமுமாக இருக்கும். சிறிய விலகல் என்றால் கருவியின் அமைப்புப் பக்கத்திலேயே திருத்திக்கொள்ளலாம். திருத்திய பிறகும் விலகினால் அந்தக் கருவியை வாங்க வேண்டாம். கண்ணாடித் துண்டைப் பிடுங்கப் போய் நரம்பைக் கீறிக்கொண்டிருப்பீர்கள்.