வண்டி உங்கள் வாசலில், ஆர்.சி. மச்சான் பெயரில்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், மணலியில் தனியார் வேலை. பெங்களூரில் உள்ள மச்சானின் காரை 4.6 லட்சத்துக்கு வாங்கினேன். சீட்டு எடுத்து 1.6 லட்சம் கையில் கொடுத்தேன். மீதி 3 லட்சம் அவர் பெயரிலுள்ள வங்கிக் கடன். மாதத் தவணை 9,900 ரூபாயைப் பத்து மாதமாக அவர் கணக்குக்கு அனுப்புகிறேன். கர்நாடகத்தின் கே.ஏ. நம்பரைத் தமிழ்நாட்டு நம்பராக மாற்றலாம் என்றதும், வரி, என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) செலவுக்கு 1 லட்சம் கேட்கிறார். ஓர் ஆப்பில் 28% வட்டிக்கு உடனே கிடைக்கிறது. வாங்கலாமா? மகளின் கல்லூரிக்காக 1.5 லட்சம் எஃப்.டி.யும், மனைவியிடம் ஐந்து பவுன் வளையலும் உண்டு. மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத பி.எச். (பாரத்) நம்பர் வாங்கினால் வரி மிச்சமா?

பதில்: ஆப் கடன் வேண்டவே வேண்டாம். 1 லட்சத்தை இரண்டு வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 5,500. மொத்தம் 1,32,000 கட்டுவீர்கள். பிராசஸிங் கட்டணம் பிடித்தது போகக் கைக்கு வருவது 1 லட்சம்கூட இருக்காது. ஐந்து நிமிடத்தில் கிடைக்கிறது என்பதற்காக எடுக்கிற கடனா இது?

ஆனால் எனக்குக் கவலை ஆப் இல்லை. கேட்கும்போதெல்லாம் மச்சானுக்குக் காகிதமே இல்லாமல் பணம் அனுப்புகிறீர்களே, அதுதான். இதுவரை 2,59,000 கொடுத்துவிட்டீர்கள். சட்டத்தின் கண்ணில் அந்தக் காரில் ஒரு டயர்கூட உங்களுடையது இல்லை. ஆர்.சி. அவர் பெயரில், இன்சூரன்ஸ் அவர் பெயரில், மேலே வங்கியின் அடமானம். நீங்கள் அனுப்பும் 9,900 மாதாமாதம் வங்கிக்குத்தான் போகிறதா? பார்த்தீர்களா? நடுவில் நின்றிருந்தால் வங்கி ஆள் வந்து வண்டியை எடுத்துப்போவார், உங்களிடம் பேசக்கூட மாட்டார்.

இந்த வாரமே கடன் ஸ்டேட்மெண்ட்டைக் கேட்டு வாங்குங்கள். 11% வட்டி என்று வைத்தால் பாக்கி சுமார் 2.25 லட்சம் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் காரணம் கேளுங்கள். இனி மச்சான் கணக்குக்கு ஒரு ரூபாயும் வேண்டாம், நேராகக் கடன் கணக்கில் கட்டுங்கள்.

அவர் கேட்கும் 1 லட்சத்துக்கும் கணக்கில்லை. கர்நாடக ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. கட்டணம் சில நூறு ரூபாய்தான். நிலுவை அபராதம் இருந்தால் அது அவர் ஓட்டியதா நீங்கள் ஓட்டியதா என்று தேதி பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய செலவு தமிழ்நாட்டு ஆயுள் வரி. வண்டியின் வயதையும் அசல் விலையையும் வைத்துப் போடுவார்கள், மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நீங்களே கட்டலாம். 65,000 என்று வைப்போம்.

கடன் முடிக்க 2.25 லட்சம், முன்கூட்டி முடிக்கும் கட்டணம் 8,000, வரி 65,000, சில்லறை 10,000. ஆக 3.08 லட்சம். எஃப்.டி. போக 1.58 லட்சம் வேண்டும். வளையலை வங்கியில் வையுங்கள், தெருமுனை அடகுக்கடையில் வேண்டாம். 10% வட்டியில், இப்போது கட்டும் அதே 9,900-ஐக் கட்டினால் ஒன்றரை வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். அப்புறம் அதே தொகையை மகளுக்காக ஆர்.டி.யில் போடுங்கள்.

கடன் முடிந்ததும் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கிடைக்கும். அதைக் காட்டி அடமானத்தை நீக்கி, ஆர்.டி.ஓ. என்.ஓ.சி.க்குப் படிவம் 28. இங்கே புதுப் பதிவெண்ணுக்கு 27, பெயர் மாற்றத்துக்கு 29, 30. 28-ல் சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தடம் ஒட்ட வேண்டும், அதற்கு வண்டி உங்களிடம் இருக்கிறது. 29-ல் மச்சானின் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. ஒரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலப் பதிவெண் வாங்க வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு இரண்டு மாதம்தான் பாக்கி.

மனைவி வருத்தப்படுவார் என்று தயங்கலாம். அவருடைய தம்பியின் நன்மைக்கும்தான் இது என்று சொல்லுங்கள். வண்டியை விற்றுக் கொடுத்துவிட்டாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மணலிக்குத் தினமும் போய் வருகிறீர்கள். ஏதாவது நடந்தால் நோட்டீஸ் பெங்களூருக்குப் போகும். இதைக் கேட்டும் கையெழுத்துப் போடத் தயங்கினால், வண்டியைத் திருப்பிக் கொடுத்து, ஓட்டிய காலத்துக்கு ஒரு தொகை கழித்துப் பணத்தைக் கேளுங்கள்.

பி.எச். வரிசை அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் உரியது. உங்கள் நிறுவனம் அப்படியா என்று எழுதவில்லை. அப்படியே இருந்தாலும் இப்போது அதன் பின்னால் ஓட வேண்டாம், முதலில் பெயர் மாறட்டும்.

இன்னொன்று. இங்கே பதிவானதும், மீதிக் காலத்துக்கான கர்நாடக ஆயுள் வரியைத் திரும்பக் கேட்கலாம். அந்தப் பணம் யாருக்கு என்பதையும், இதுவரை கொடுத்த 2,59,000-ஐயும் வெள்ளைத் தாளில் எழுதி, கடனை முடிக்கும் முன்பே மச்சானிடம் கையெழுத்து வாங்குங்கள்.